கல்லான கூம்புக்கு விவரணை எழுதும் முறை

அழிந்துபோன ஊசியிலை மரம் ஒன்றை வகைப்படுத்தப் பழக விரும்புவோர், முதலில் இன்றைய மரத்தின் கூம்பு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிசம்பரில் சிங்கப்பூர்க் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் பைன் கூம்பே போதும். அதன் செதில்களின் மேற்புறத்தில் இரண்டிரண்டு விதைகள் இருந்த தடம் தெரியும். நம் தாவரவியல் பூங்காவில் நிற்கும் டாமர் மரமான அகாத்திஸில் செதிலுக்கு ஒரே விதைதான். அதுவும் செதிலோடு ஒட்டாமல் இருக்கும். அகாத்திஸின் உறவு மரமான அராவ்கேரியாவில் அந்த ஒற்றை விதை செதிலுக்குள்ளேயே புதைந்திருக்கும். பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை அறிய, தண்டின் பருமனைவிட இந்த வேறுபாடே பெரிதும் உதவும்.

அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில், செர்ரோ குவாட்ராடோ என்னுமிடத்தில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த காட்டின் அராவ்கேரியா மிராபிலிஸ் இதற்குச் சிறந்த பாடம். சிலிக்கா ஊறிக் கல்லான அதன் கூம்புகளை அறுத்து மெருகேற்றினால், விதைக்குள் உறங்கும் கருவைக்கூடச் சிலவற்றில் காணலாம். விவரணையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுசெல்லுங்கள்: உருண்டை வடிவம், சுமார் 10 செ.மீ. வரையிலான விட்டம், சுருள் வரிசையில் அமைந்த செதில்கள், பிறகு விதை, இறுதியில் கரு. ஒரே கூம்பை அளந்து நிறுத்தாமல், பல மாதிரிகளின் சிற்றளவையும் பேரளவையும் குறிக்க வேண்டும். ‘விதை செதிலுக்குள் புதைந்துள்ளது’ என்பது விவரணை; ‘ஆகவே இது அராவ்கேரியா’ என்பது முடிவு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுவதில்தான்.

பெயரிடுவதில் முந்தியதே செல்லும். இக்கூம்புகளுக்கு 1924இல் தாவரவியலாளர் ஸ்பெகாசினி அராவ்கேரைட்டஸ் மிராபிலிஸ் என்றும், 1925இல் தொல்தாவரவியலாளர் கோத்தான் அராவ்கேரியா விண்ட்ஹௌசெனி என்றும் பெயரிட்டனர். இரண்டும் ஒரே தாவரம் என்று தெளிந்தபின் பேரினப் பெயர் அராவ்கேரியா என மாறியது. ‘வியப்புக்குரிய’ என்னும் பொருள்தரும் மிராபிலிஸ் மட்டும் நிலைத்தது. பேரினத்துக்குள் அதன் உட்பிரிவைக் குறிக்கையில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வளரும் புன்யா மரத்தோடு ஒப்பிட்டு எழுதுவது வழக்கம்.

அருகில் கிடைத்ததாலேயே எதையும் உறவாக்கிவிடக் கூடாது. அதே காட்டின் சிறிய கூம்பு ஒன்றுக்கு 1935இல் தொல்தாவரவியலாளர் வீலண்ட் பாராஅராவ்கேரியா என்று பெயரிட்டார். பெயரில் அராவ்கேரியா இருந்தாலும், அது கெய்ரோலெபிடியேசி என்னும் முற்றிலும் அழிந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. கிளையோ இலையோ கூம்போடு இணைந்த நிலையில் கிடைக்காதவரை, அதைத் தனி உறுப்பாகவே பதிவு செய்யுங்கள்.