மனச்சோர்வுக்கு சைக்கெடெலிக் மருந்தும் மனக்கூறு சிகிச்சையும் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டு மனசாக இருக்கிறது" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். மனச்சோர்வில் இருப்பவருக்கு அது இரண்டோடு நிற்பதில்லை. எழுந்து குளி என்று ஒரு குரல். குளித்து என்ன ஆகப்போகிறது என்று இன்னொரு குரல். நீ எதற்கும் லாயக்கில்லை என்று அதட்டும் மூன்றாவது குரல். எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் வராத அறையில் காத்திருக்கும் குழந்தையைப் போல ஒரு பழைய துக்கம்.

இந்தக் குரல்களோடு உட்கார்ந்து பேசுவதையே ஒரு சிகிச்சையாக வளர்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ். 1980களில், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை வாந்தியெடுத்து வெளியேற்றும் புலிமியா நோயாளிகளோடு வேலை செய்தபோது, அவர்கள் "என்னில் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, இன்னொரு பகுதி அப்படிச் செய்யவைக்கிறது" என்று பேசுவதைக் கவனித்தார். சண்டை போடும் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் எப்படிக் கேட்பாரோ, அப்படியே அந்தப் பகுதிகளையும் கேட்க ஆரம்பித்தார். ஐஎஃப்எஸ் (இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்) என்று பெயர் பெற்றது அதுதான். இங்கே மனக்கூறு சிகிச்சை என்று சொல்லிக்கொள்வோம்.

அதன் கணக்கில், காயப்பட்டு உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்ட கூறுகள் சில. அந்தக் காயம் வெளியே வராதபடி முன்கூட்டியே வாழ்க்கையை இறுக்கிப் பிடிப்பவர்கள் மேலாளர்கள்; குறை சொல்வது, திட்டம் போடுவது, யாரையும் நெருங்க விடாமல் பார்ப்பது இவர்கள் வேலை. அதையும் மீறி வலி கிளம்பிவிட்டால் எதைக் கொண்டாவது அணைக்க ஓடிவருபவர்கள் தீயணைப்பு வீரர்கள். குடி, அளவில்லாத சாப்பாடு, நாள் முழுக்கத் தூக்கம், சில சமயம் தற்கொலை எண்ணம்கூட இவர்கள் கையில் இருக்கும் வாளிகள். இந்த இரு வகையினரையும் சேர்த்துக் காவலர்கள் என்கிறேன். இவர்களுக்கெல்லாம் பின்னால் நிதானமும் பரிவும் உள்ள ஒரு தன்னிலை எல்லோருக்கும் உண்டு என்பது ஷ்வார்ட்ஸின் அடிப்படை நம்பிக்கை.

உணர்வையும் எண்ண ஓட்டத்தையும் சில மணி நேரம் மாற்றும் மருந்துகளைக் கொண்டு செய்யும் சைக்கெடெலிக் சிகிச்சையோடு இது சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தெருவில் எக்ஸ்டசி என்று அறியப்படும் எம்டிஎம்ஏ மருந்தை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்குச் சோதித்த ஆய்வுகளை முன்னின்று நடத்திய மைக்கேல் மித்தோஃபர் என்ற மனநல மருத்துவர், மனக்கூறு சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, மருந்தின் தாக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் உள்ள கூறுகளைப் பற்றிப் பேசுவதை அவர் கவனித்தார். சில வகைக் காளான்களில் இருக்கும், மனச்சோர்வுக்குச் சோதிக்கப்படும் சைலோசைபின் என்ற பொருளைக் கொடுக்கும் அமர்வுகளிலும் இதே மொழியைப் பல சிகிச்சையாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சேர்க்கை நல்ல சேர்க்கை என்றே நம்புகிறேன். அதனால்தான் இதில் நடக்கும் தவறுகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

காவல் தூங்குவது வேறு, அனுமதி தருவது வேறு

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது. மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

சாதாரண மனக்கூறு சிகிச்சையில் ஒதுக்கி வைக்கப்பட்ட கூறை நேராகப் போய்த் தொட மாட்டார்கள். முதலில் காவலனிடம் பேச்சு. "நீ ஏன் இவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாய்? நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்பார்கள். பல நேரம் வரும் பதில் மனதை உருக்கும்: "நான் திட்டாவிட்டால் இவள் மறுபடி யாரையாவது நம்புவாள், மறுபடி உடைந்துபோவாள்." அவன் கொஞ்சம் தளர்ந்து, சரி, போய்ப் பாருங்கள் என்று ஒதுங்கி நிற்கப் பல வாரங்கள் ஆகலாம், மாதங்கள்கூட ஆகலாம்.

சைலோசைபின் இதையெல்லாம் ஒரே மதியத்தில் தாண்டிவிடுகிறது. உடலுக்குள் அது சைலோசினாக மாறி, மூளையில் 5-ஹெச்டி2ஏ என்ற செரோடோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. இறுகிப்போன எண்ண ஓட்டங்கள் சில மணி நேரத்துக்கு நெகிழ்கின்றன. எம்டிஎம்ஏ வேறு வழியில் போய்ப் பயத்தைக் குறைக்கிறது. காவலர்கள் அப்போது அமைதியாக இருப்பது போலத் தெரியும். பத்து வருடமாக அழ முடியாதவர் அழுவார். சிறு வயதில் தனியாக விடப்பட்ட தன்னையே கண்டு கட்டிக்கொள்வார். பார்க்கிறவருக்கும் கண் கலங்கும்.

ஆனால் யாரும் காவலனைக் கேட்கவில்லை. மருந்து அவனைக் கொஞ்ச நேரம் அயரவைத்தது, அவ்வளவுதான். மருந்து இறங்கியதும் அவன் விழித்துப் பார்க்கிறான்: கதவு திறந்து கிடக்கிறது, இத்தனை நாள் பாதுகாத்த குழந்தை வெளியே நிற்கிறது. மறுநாளோ அடுத்த வாரமோ முன்பைவிடப் பலமாகத் திட்டுகிறான். "அழுது நாடகம் போட்டாய். எல்லாம் மருந்தின் வேலை. ஒன்றும் மாறவில்லை, பார்." நோயாளிக்கோ இது இரட்டை அடி. கடைசி நம்பிக்கையாக வந்த சிகிச்சையும் தோற்றுவிட்டது, அதற்கும் நானே காரணம் என்று நினைப்பார்.

ஆகவே மருந்துக்கு முந்தைய அமர்வுகளை வெறும் அறிமுகப் பேச்சாக நடத்தக் கூடாது. எந்தக் காவலன் இந்தச் சிகிச்சையையே விரும்பவில்லை, அவன் பயம் என்ன, அன்றைக்கு எது நடந்தால் நிறுத்தச் சொல்கிறான் என்பதையெல்லாம் அப்போதே பேசி முடிக்க வேண்டும். இதற்கு அவசரம் காட்டும் இடம் நல்ல இடம் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, மனச்சோர்வையே எதிரியாக வைத்துக்கொண்டு அமர்வுக்குப் போவது. "இன்றைக்கு அந்தக் குரலை ஒழித்துவிட்டுத்தான் வருவேன்" என்பார் ஒருவர். அந்த மந்தம், அந்த மரத்துப்போன நிலைகூட ஒரு காவலனின் வேலையாக இருக்கலாம். தாங்க முடியாத ஒன்றை உணராமலிருக்க உடம்பையே அணைத்துப் போடுகிறவன் அவன். ஒழிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் அவன் இறுகத்தான் செய்வான். அதற்காக எல்லா மனச்சோர்வையும் இப்படி விளக்கிவிட முடியாது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வேறு மருந்துகளின் விளைவு என்று உடல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. அவற்றைப் பரிசோதிக்காமல் குரல்களை மட்டும் தேடுவதும் தவறே.

அமர்வின் நடுவே பாடம் நடத்துவது

சைலோசைபின் அமர்வு ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீளும். கண்ணை மறைத்துக்கொண்டு, இசையைக் கேட்டபடி படுத்திருப்பதுதான் ஆய்வுகளின் வழக்கம். அப்போது "இப்போது எந்தக் கூறு பேசுகிறது? அதன் வயது என்ன? எங்கே இருக்கிறது?" என்று சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே இருந்தால் மனம் அவருக்குப் பதில் தயாரிப்பதில் இறங்கிவிடும். எம்டிஎம்ஏ தாக்கத்தில் பேச்சுக்கு இடம் அதிகம், மயக்க மருந்தான கெட்டமைனைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் ஓரளவு பேசலாம். சைலோசைபினில் கூறுகளோடு செய்யும் வேலை பெரும்பாலும் முன்னும் பின்னும்தான். நடுவில் உடனிருந்தால் போதும்.

கேள்விகளால் வரும் இன்னொரு தீங்கு, கூடுதல் கவனம் வேண்டியது. இந்த மருந்துகளின் தாக்கத்தில் மனம் பிறர் சொல்வதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். "அந்தக் குழந்தைக்கு யாராவது ஏதாவது செய்தார்களா?" என்ற ஒரு கேள்வி போதும், நடக்காத ஒன்று நடந்ததாகக் காட்சி உருவாகலாம். அந்தக் காட்சி சொந்த நினைவைவிடத் தெளிவாக இருக்கலாம். தெளிவாகத் தெரிந்தது என்பதாலேயே அது நடந்ததாகிவிடாது. பொய் என்றும் ஆகிவிடாது. அந்தக் கூறின் வலியை முழுமையாக நம்பலாம்; அது காட்டிய சம்பவத்தை வைத்துக் குடும்பத்தில் ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதற்கு முன், மருந்து முழுவதும் இறங்கி, பல வாரங்கள் கழிந்து, நிதானமாகப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த நிதானம்தான் பாதுகாப்பு.

எல்லாக் குரலும் கூறு இல்லை

மனக்கூறு என்பது ஒரு பேச்சு முறை. காதில் வெளியிலிருந்து கேட்கும் குரல், யாரோ கட்டளையிடுவதாகத் தோன்றுவது, இடையிடையே நேரம் தொலைந்து நினைவு அறுந்துபோவது ஆகியவை வேறு. அவற்றையும் "அதுவும் ஒரு கூறுதான்" என்று சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்தால் ஆபத்து. மனச்சிதைவு, மிகை எழுச்சியோடு வரும் இருமுனை மனநோய் ஆகியவை தமக்கோ நெருங்கிய இரத்த உறவிலோ இருந்தவர்களைச் சைலோசைபின் ஆய்வுகள் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. வெட்கப்பட்டோ, வாய்ப்புப் போய்விடும் என்று பயந்தோ இதை மறைக்க வேண்டாம்.

மருந்துகளின் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் தானாகத் திடீரென நிறுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, நோய் திரும்புதல் எல்லாம் வரலாம். சைலோசைபின் ஆய்வுகளில் இந்த மாத்திரைகளை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கெட்டமைன் வழியில் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதே இல்லை. 2019இல் அமெரிக்காவில் கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பு அங்கீகரிக்கப்பட்டதே வாய்வழி மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதற்காகத்தான். எம்ஏஓ தடுப்பு என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளோடு எம்டிஎம்ஏ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அயஹுவாஸ்கா என்ற தென் அமெரிக்க மூலிகைக் கஷாயத்தில் அந்தத் தடுப்புப் பொருள் இயல்பாகவே இருப்பதால், வழக்கமான மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடிப்பதும் ஆபத்து. இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தோடு சைலோசைபின் சேர்ந்து வலிப்பு வந்த பதிவுகள் உண்டு. இரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் எம்டிஎம்ஏ, கெட்டமைன் இரண்டுக்கும் முன்கூட்டியே பரிசோதனை தேவை.

எண்களை அளவாக நம்புங்கள்

2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு சைலோசைபினை மூன்று அளவுகளில் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு நோயின் கடுமை பாதியாவது குறைந்தது. 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டாவது வாரம் வரை அந்த முன்னேற்றம் நீடித்தது 25 மில்லிகிராம் குழுவில் 20 சதவீதத்தினருக்கு. மூன்று குழுக்களிலும் சிலருக்குத் தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ பதிவானது. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் 59 பேரை வைத்து, எஸ்சிட்டலோபிராம் என்ற வழக்கமான மாத்திரையோடு சைலோசைபினை ஒப்பிட்டபோது, முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. போதாததற்கு, தமக்குக் கிடைத்தது மருந்தா போலியா என்று பங்கேற்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவதால், எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

இவை சைலோசைபினின் எண்கள். மனக்கூறு சிகிச்சையோடு சேர்ந்த கூட்டின் எண்கள் அல்ல. அந்தக் கூட்டுக்கு இன்னும் இவ்வளவு பெரிய ஆதாரம் சேரவில்லை. "நிரூபிக்கப்பட்ட முறை" என்று விற்கிறவரிடம் கவனமாக இருங்கள். 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் எழுதித்தரலாம். பெரும்பாலான நாடுகளில் ஆய்வுகளுக்கு வெளியே அது சட்டவிரோதம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு எம்டிஎம்ஏவை 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஏற்கவில்லை. இன்னொரு பெரிய ஆய்வு கேட்டது.

பிறகு வரும் நாட்கள்

அமர்வு முடிந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் யார் உங்களோடு பேசுவார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் எந்த நேரத்தில் யாரை அழைப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உற்சாகத்தில் வேலையை விடுவது, மணவாழ்க்கையை முறிப்பது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். காவலன் கோபத்தோடு திரும்பினால் அதைத் தோல்வி என்று எடுக்காமல், அவனோடு மறுபடி உட்காருங்கள்: "உன்னைக் கேட்காமல் போய்விட்டோம். நீ பார்த்தது என்ன?" முதல் முறையாக அவனும் வாய் திறப்பது இந்த நாட்களில் நடக்கலாம்.

தொடுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்தின் தாக்கத்தில் இருப்பவரால் சம்மதம் சொல்ல முடியாது. கனடாவில் எம்டிஎம்ஏ ஆய்வு ஒன்றிலேயே சிகிச்சையாளர் தரப்பில் எல்லை மீறல் நடந்தது வெளியே வந்தது. கையைப் பிடிக்கலாமா கூடாதா என்பதை முன்பே பேசி முடிவெடுங்கள். அன்றைக்கு "வேண்டாம்" என்று குறைக்க மட்டும்தான் முடியும், புதிதாகச் சேர்க்க முடியாது.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பயிற்சியைக் கேளுங்கள், அவசர ஏற்பாட்டைக் கேளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: "தேதி குறித்தாகிவிட்டது, எல்லாம் தயார். அன்று காலை எனக்குள் ஒரு கூறு வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" நல்லவர் யோசிக்காமல் சொல்வார்: "மருந்தை எடுத்து வைத்துவிட்டு, அதோடு பேசுவோம்."