குரங்கும் முதலையும் கதையைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

பஞ்சதந்திரத்தில் முதலில் எந்தக் கதையைச் சொல்வது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போனால் நிஜ முதலையே கண்ணில் படலாம், புக்கிட் தீமா காட்டுப் பக்கம் போனால் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பறிக்கக் குரங்கு தயாராக உட்கார்ந்திருக்கும், அதனால் காட்டை விளக்கும் வேலை மிச்சம்.

சொல்வதற்கு முன் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாவல்மரத்துக் குரங்கும் ஆற்று முதலையும் நண்பர்கள். ஒருநாள் குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும்போது, நடு ஆற்றில் வைத்து முதலை, தன் மனைவி குரங்கின் இதயத்தைக் கேட்கிறாள் என்று உளறிவிடுகிறது. குரங்கு பதறவில்லை. "அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா, அதை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே!" அவ்வளவுதான் கதை. இந்த வரியை நாலு தடவை கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், நிஜமாகவே வருத்தப்படுகிற குரலில் வரவேண்டும்.

மற்றதை எல்லாம் தாராளமாக மாற்றலாம், ஊர் ஊராக மாறித்தான் வந்திருக்கிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில் இருவருக்கும் நட்பே கிடையாது, குரங்கு ஓர் அத்திமரத்தைக் காட்டி அதோ என் இதயம் தொங்குகிறது பார் என்று ஏமாற்றும். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அரபியில் எழுதிய 'கலீலா வ திம்னா'வில் முதலை ஆமையாகிவிட்டது. கொரியாவில் குரங்கு முயலாகி, இதயம் ஈரலாகிவிட்டது. நம் பக்கத்தில், சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸிடம் வேலை பார்த்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தை மலாயில் எழுதினார், அதுவும் தமிழிலிருந்து! பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையையும் உட்காரவைத்துச் சொன்னால் இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் மகள் நாவல்பழம் பார்த்ததில்லை, அதனால் நான் ரம்புத்தான் மரமாக்கிவிட்டேன். சொல்லும்போது கையில் நாலு பழம் கொடுத்தால் உரித்துக்கொண்டே கேட்பாள், குரங்கு தோலை முதலை தலைமேல் போடுகிற இடத்தை அவளே சேர்த்தாள்.

ஒரே ஒரு முறை சொதப்பினேன். சின்னப்பிள்ளைக்கு இதயத்தைத் தின்கிற கதையா என்று, முதலை மன்னிப்புக் கேட்டு இருவரும் மறுபடி நண்பர்களானதாக முடித்தேன். "அப்புறம் குரங்கு எதுக்குப்பா பொய் சொல்லுச்சு?" என்று கேட்டாள். ஆபத்தை எடுத்துவிட்டால் தந்திரத்துக்கு வேலையில்லை, பயம் கொஞ்சம் இருக்கட்டும். நீதியையும் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் அதற்குப் பயிற்சித்தாளே உண்டு.

பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் திருத்த வேண்டாம், கதை அறுந்துபோகும். நீங்களே நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவினாலும் குற்றமில்லை, ஆனால் மரத்திலேயே வைத்துவிட்டேனே என்ற வரி மட்டும் தமிழில்தான் வரவேண்டும். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் பொங்கோல் வருவதற்குள் முழுக்கதையும் சொல்லி முடித்துவிடலாம்.

அடுத்த இரவு, மலாய்க் கதைகளில் வரும் தந்திரக்காரச் சருகுமான் சாங் காஞ்சிலை எடுங்கள். ராஜா எண்ணச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணிக்கொண்டே குதித்து அக்கரை போய்விடும் சருகுமான். எண்ணுகிற வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், எங்கள் வீட்டில் இதுவரை இருபத்தேழு முதலை.