காசு லைப்ரரிக்குப் பதிலா சொந்தமா ஒண்டு எழுதேக்க விடுற பிழையள்

எங்கட திருகோணமலைல பழைய அச்சகம் ஒண்டுக்குப் போய்ப் பாருங்கோ, மூலைல கிடக்கிற கொம்பியூட்டருக்குள்ள பாமினி எழுத்துருல அடிச்ச பைல் குவிஞ்சு கிடக்கும், திருவிழா நோட்டீஸ், கல்வெட்டுப் புத்தகம், பள்ளிக்கூட மலர் எண்டு. அதை யூனிகோடுக்கு, அதாவது இப்ப எல்லா மெசினிலயும் தெரியிற எழுத்து முறைக்கு மாத்திற லைப்ரரி (வேற புரோகிராமுக்குள்ள போட்டுப் பாவிக்கிற கோட்) ஒண்டு காசுக்கு வருது, மெசினுக்கு ஒரு லைசன்ஸ், வருசா வருசம் புதுப்பிக்கோணும். இதென்ன பெரிய வித்தை, நாங்களே எழுதி, ஆரும் எடுத்துப் பாவிக்கிற மாதிரி ஓப்பன் சோர்ஸா விடுவம் எண்டு உட்துறைமுக வீதில பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நாலு பேர் முடிவெடுத்தம். ரெண்டு கிழமைல வேலை செய்யுது. சந்தோசம்.

ஒருநாள் இரவு மேப்பிங் டேபிளை, அதாவது எந்தப் பாமினி எழுத்துக்கு எந்த யூனிகோட் எழுத்து எண்ட பட்டியலைப் பாத்துக்கொண்டு போறன், ஒரே வரி ரெண்டு தரம் கிடக்கு. "தம்பி, இதேன் ரெண்டு தரம் போட்டனீ?" எண்டு கேட்டா அவன் தலையைச் சொறியிறான். "அண்ணா, அவையின்ட டிஎல்எல்ல அப்பிடித்தான் கிடந்தது."

பாவம், அவன் களவெடுக்க நினைக்கேல்ல. டிஎல்எல் எண்டது அந்தக் காசு லைப்ரரியின்ட புரோகிராம் பைல், அதை ஒரு டூலைப் போட்டுப் பிரிச்சுப் பாத்து, பேரெல்லாம் மாத்தி, சி ஷார்ப்ல இருந்ததை பைதனுக்கு மாத்தி எழுதினா அது தன்ர கோட் எண்டு நினைச்சிட்டான். இதுதான் முதல் பிழை, கனபேர் விடுற பிழையும் இதுதான். வேரியபிளுக்குப் பேர் மாத்தினாலும் வேற லாங்குவேஜுக்குக் கொண்டு போனாலும் அது தழுவல்தான், அந்த உரிமையும் முதல் எழுதினவரிட்டத்தான் இருக்கு. இப்ப ஏஐயிட்ட ஒட்டி "இதை வேற மாதிரி எழுதித் தா" எண்டு கேக்கிறதும் அதே கதைதான். அவை விட்ட பிழை எங்கட கோட்டிலயும் அப்பிடியே இருந்தா கோர்ட்டில அதைவிட வேற சாட்சி தேவையில்லை.

எங்கட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில கொம்பியூட்டர் புரோகிராமுக்கும் புத்தகம் மாதிரியே பாதுகாப்பு இருக்கு, ஆனா 8ஆம் பிரிவைப் பாத்தா எண்ணம், முறை, செயல்படுற விதம் இதுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கட ஊர்ப்பேரையே எடுங்கோ. பாமினில ஜே அடிச்சா த, கே அடிச்சா ம. "கோ" வரோணுமெண்டா முதல் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு அரவு, "லை"க்கும் சங்கிலிக்கொம்பை முதல் அடிச்சிட்டுத்தான் ல. யூனிகோட்ல க முதல், பிறகு ஓகாரக் குறி ஒண்டு. அப்ப மாத்திற ஆர் எழுதினாலும் கொம்பைத் தூக்கிப் பின்னால போடத்தான் வேணும், வேற வழியில்லை, அது ஒருத்தற்ற சொத்தில்லை. ஆனா அதுக்கு அவை எழுதின வரியள், டேபிளை அடுக்கின ஒழுங்கு, கொமென்ட், எரர் மெசேஜ், இதுகள் அவையின்ட எழுத்து.

எரர் மெசேஜ் எண்டோன ஞாபகம் வருது, கோட்டைத் தொடாம ஹெல்ப் பைலையும் டெஸ்ட் பைலையும் மட்டும் அப்பிடியே எடுத்துப் போடுற ஆக்களும் இருக்கினம். அதுவும் கொப்பிதான். டெஸ்டுக்கு நீங்களே நாலு வசனம் அடியுங்கோவன்.

அடுத்தது "ஏபிஐ கொப்பி அடிக்கலாம், கூகுள் வெண்டிட்டுது" எண்டு அடிச்சுச் சொல்லுறது. ஏபிஐ எண்டா ஒரு புரோகிராமை மற்றது கூப்பிடுறதுக்கான பேரும் முறையும். 2021 ஏப்ரல்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 2 எண்டு ஆரக்கிள் கொம்பனி போட்ட வழக்கில கூகுள் பக்கம் சொன்னது உண்மை, கூகுள் எடுத்தது ஜாவா லாங்குவேஜில 37 பேக்கேஜின்ட அறிவிப்பு வரியள், கிட்டத்தட்ட 11,500 வரி. ஆனா ஏபிஐக்கு கொப்பிரைட் இருக்கோ இல்லையோ எண்டதை நீதிமன்றம் தீர்க்கவே இல்லை, இருக்கெண்டே வைச்சாலும் இந்தப் பாவனை நியாயமான பாவனை எண்டுதான் தீர்ப்பு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012ல எஸ்ஏஎஸ் எண்ட மென்பொருள் கொம்பனியின்ட வழக்கில செயல்பாட்டுக்கும் புரோகிராமிங் லாங்குவேஜுக்கும் டேட்டா பைல் அமைப்புக்கும் கொப்பிரைட் பாதுகாப்பில்லை எண்டு இன்னும் தெளிவாச் சொன்னது. ரெண்டும் எங்கட நீதவானைக் கட்டுப்படுத்தாது. எங்கட சட்டத்திலயும் 11ஆம் பிரிவில நியாயமான பாவனை இருக்கு, அமெரிக்கச் சட்டம் மாதிரியே நாலு விசயம் பாக்கச் சொல்லுது, ஆனா அதை வழக்கு வந்தபிறகு சொல்லுற பதிலாத்தான் நான் பாக்கிறன்.

அந்த கூகுள் வழக்கில எனக்குப் பிடிச்ச துண்டு ஒண்டு இருக்கு. ரேஞ்ச்செக் எண்டு வெறும் 9 வரி ஃபங்ஷன். ஜோஷுவா ப்ளோக் எண்டவர் ஜாவாவைச் செய்த சன் கொம்பனில இருக்கேக்க எழுதினது, பிறகு கூகுளுக்குப் போய் வேற கோட் எழுதேக்க அதே 9 வரி அதுக்குள்ளயும் வந்திட்டுது. 2012ல ஜூரி அதை மீறல் எண்டுதான் சொன்னது. எழுதின ஆள் அவர்தானே எண்டு நீங்கள் கேப்பியள். சம்பளத்துக்கு எழுதினா பொருளாதார உரிமை முதலாளிக்கு, ஒப்பந்தத்தில வேற மாதிரி இல்லாட்டி இலங்கைலயும் அப்பிடித்தான். அதால பகல்ல ஒரு கொம்பனிக்கு கன்வேட்டர் எழுதிற பெடியன் இரவு எங்களோட அதே கன்வேட்டரை எழுதக் கூடாது, எவ்வளவு நல்ல பெடியனா இருந்தாலும் சரி.

அப்ப என்னதான் செய்யிறது? பாக்கிற ஆள் வேற, எழுதிற ஆள் வேற. ஐபிஎம் தன்ர பயோஸ் கோட்டை (கொம்பியூட்டரைப் போட்டோன முதல் ஓடுற கோட்) டெக்னிக்கல் புத்தகத்தில அச்சடிச்சே குடுத்தது, படிச்சவன் அதே மாதிரி எழுதினா மாட்டுவான். 1984ல ஃபீனிக்ஸ் கொம்பனி ஒரு ஆக்களை அது என்ன செய்யுது எண்டு மட்டும் எழுத வைச்சு, ஐபிஎம் கோட்டைக் காணாத வேற ஆளைக்கொண்டு அதை வாசிச்சுக் கோட் எழுதுவிச்சது. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கிற வைன்காரரும் விண்டோஸ் சோர்ஸ் பாத்த ஆக்களை வேலைக்குச் சேக்கிறதில்லை. நாங்களும் அப்பிடித்தான் திரும்பத் தொடங்கினம், டிஎல்எல் பக்கமே போகாத நான் ஒவ்வொரு கீயா அடிச்சு என்ன எழுத்து வருது எண்டு கொப்பில எழுதினன், டிஎல்எல்லைப் பாக்காத மற்றவர் அதை வாசிச்சு கோட் எழுதினார், பிரிச்சுப் பாத்த தம்பிக்கு வெப்சைட் வேலை. முகம் கொஞ்சம் சுருங்கிச்சு, பரவாயில்லை.

லைசன்ஸ் ஒப்பந்தம் வேற கதை, "பிரிச்சுப் பாக்கக் கூடாது" எண்டதுக்கு ஓகே அமத்தினா கொப்பிரைட்டுக்கு மேலால ஒப்பந்த மீறலும் வரும். வேற புரோகிராமோட சேர்ந்து வேலை செய்ய வைக்கிறதுக்கு அவசியமான அளவு பிரிக்க ஐரோப்பாவில சட்டம் விடுது, அதை நம்பி இஞ்ச இறங்காதேங்கோ. அவையின்ட பேரை உங்கட லைப்ரரிக்கு வைக்கிறதும், எழுத்துரு பைலையே உள்ள போட்டு விடுறதும் வேண்டாம். லைசன்ஸ் பைல் போடாம விட்டா உங்கட கோட்டை மற்றவை பாவிக்கவும் ஏலாது.

கடைசியா எங்களுக்கே பிந்தி உறைச்சது ஒண்டு. பழைய டேபிளை அழிச்சு புதுசைப் போட்டுட்டு நிம்மதியா இருந்தம், ஆனா மாத்தின பழைய வடிவமெல்லாம் சேத்து வைக்கிற கிட் ஹிஸ்டரிக்குள்ள அது அப்பிடியே கிடக்கு, ஆரும் பின்னால போய் எடுக்கலாம், அப்ப நாங்கள் அதை இன்னும் விநியோகிச்சுக்கொண்டுதானே இருக்கிறம். கோட் கிடந்த அந்த றிப்போவையே அழிச்சிட்டு வெறும் ஃபோல்டர்ல இருந்து புதுசாத் தொடங்கினம். அதுக்கு ஆக்கள் விருப்பம் எண்டு போட்ட 43 ஸ்டாரும் அதோட போயிட்டுது.