போக்கிமான் டெக்கில் எந்தக் கார்டை எடுப்பது, எதைச் சேர்ப்பது?

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் டெக் என்றால் சரியாக 60 கார்டு. 59-ம் கூடாது, 61-ம் கூடாது. அதனால் "இந்தக் கார்டு நல்லா இருக்கே, போட்டுப் பார்ப்போமா" என்று தோன்றினாலே, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒன்று வெளியே போயாக வேண்டும். எதைச் சேர்ப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை எடுப்பது என்று கேட்டால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஆட்ட விதிகள் தெரியும், கையில் ஒரு டெக் இருக்கிறது, சில ஆட்டம் ஆடியாயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதாரணத்துக்கு சாரிஸார்ட் ஈஎக்ஸும் பிட்ஜியாட் ஈஎக்ஸும் சேர்ந்த டெக். இரண்டுமே 2023-ல் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பில் வந்தவை. ஸ்டாண்டர்ட் போட்டிகளில் பழைய கார்டுகள் அவ்வப்போது கழிந்துகொண்டே இருக்கும், அதனால் கார்டின் கீழே இடது மூலையில் இருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்கும்போது இந்த டெக் செல்லுமோ செல்லாதோ, மாற்றும் முறை எந்த டெக்குக்கும் ஒன்றுதான்.

படி 1: மேசையில் பரப்புங்கள்

திரையில் வேண்டாம். நிஜக் கார்டுகளை மேசையில் பரப்புங்கள். டெக் செயலிகள் எல்லாமே போக்கிமான், டிரெய்னர், எனர்ஜி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும், அது விதிமுறைக்குச் சரி, நம் வேலைக்கு உதவாது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு கார்டும் என்ன வேலை செய்கிறது என்பது.

அடிக்கிறவையும் அவற்றின் பரிணாம வரிசையும் ஒரு குவியல். போக்கிமானைத் தேடி எடுப்பவை (நெஸ்ட் பால், அல்ட்ரா பால் வகையறா) ஒரு குவியல். கார்டு இழுப்பவை (ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச், ஐயோனோ) ஒன்று. எதிராளியின் பெஞ்சில் (பின்வரிசையில்) இருப்பதை முன்னே இழுப்பவையும் (பாஸஸ் ஆர்டர்ஸ்) நம் போக்கிமானை மாற்றுபவையும் ஒன்று. எனர்ஜி தனியாக. கடைசியில் எதிலும் சேராமல் சில கார்டுகள் மிஞ்சும். அவற்றைக் கையில் எடுத்து, "இது எதற்கு இங்கே இருக்கிறது?" என்று ஒரே வரியில் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஒவ்வொரு குவியலிலும் எத்தனை என்று எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு இடைச்செருகல். இந்த சாரிஸார்ட் ஈஎக்ஸ் பார்க்க நெருப்பாக இருந்தாலும் டார்க் வகை. அதைப் பார்த்துவிட்டு டார்க் எனர்ஜியைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்டைப் படியுங்கள்: பரிணாமம் அடையும்போது டெக்கிலிருந்து மூன்று வரை எடுத்து ஒட்டலாம் என்று சொல்வது அடிப்படை ஃபயர் எனர்ஜியை மட்டும்தான், அதன் தாக்குதலுக்கு வேண்டியதும் ஃபயர்தான்.

படி 2: எதையும் மாற்றாமல் ஆடிக் குறிப்பெடுங்கள்

ஆட்டம் முடிந்ததும் இரண்டே விஷயம் எழுதுங்கள். கையில் கடைசிவரை தேங்கிக் கிடந்த கார்டு எது? எந்த நேரத்தில் எந்தக் கார்டு வராதா என்று ஏங்கினீர்கள்? வெற்றி தோல்வியையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜெயித்த ஆட்டத்திலும் உதவாத கார்டு உதவாததுதான். நாம் ஜெயித்துவிட்டால் அதை மறந்துவிடுகிறோம், தோற்றால் கண்ணில் பட்ட முதல் கார்டைத் திட்டுகிறோம், இரண்டுமே நம்ப முடியாத சாட்சி.

போக்கிமான் டிசிஜி லைவ் செயலி இலவசம், வேகமாக நிறைய ஆட்டம் ஆடிவிடலாம். குறிப்பெடுக்க மட்டும் செல்பேசிக் குறிப்பை விட ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்தான் எனக்குச் சரிப்படுகிறது, ஆட்டத்தின் நடுவில் திரை மாற்ற வேண்டாம். இன்னொன்று, டெக்கில் முதல்முறை தேடும்போது பிரைஸில் (ஆரம்பத்தில் கவிழ்த்து ஒதுக்கும் 6 கார்டில்) எது மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும். அது தெரியாமல் "கார்டு வரவே இல்லை" என்று எழுதி வைப்பதில் பயனில்லை. பிரைஸில் கிடந்தது எப்படி வரும்?

படி 3: எதை எடுப்பது

நான் அதிகம் தடுமாறியது இந்தப் படியில்தான், அதனால் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

நோட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப "தேங்கியது" பட்டியலில் வரும். உடனே தூக்கிவிடத் தோன்றும். பொறுங்கள், கார்டு தேங்குவதற்குக் காரணங்கள் வேறு வேறு.

முதல் காரணம் நெரிசல். ஒரு முறைக்கு (டர்னுக்கு) ஒரு சப்போர்ட்டர் வகை டிரெய்னர் கார்டுதான் ஆட முடியும். கையில் ரிசர்ச், ஐயோனோ, பாஸஸ் ஆர்டர்ஸ் மூன்றும் இருந்தால் இரண்டு தேங்கத்தான் செய்யும். முதலில் ஆடுகிறவருக்கு முதல் முறையில் சப்போர்ட்டரே கிடையாது. இங்கே குற்றம் ஐயோனோவுடையது இல்லை, மொத்தத்தில் சப்போர்ட்டர் அதிகமா என்று பாருங்கள். அதிகம் என்றால் அந்தக் கூட்டத்தில் நான்காவது பிரதியாக இருக்கும் ஏதோ ஒன்று போகலாம்.

இரண்டாவது, நேரம். நெஸ்ட் பால் ஆட்டத்தின் கடைசியில் கையில் கிடந்தால் ஒன்றுக்கும் உதவாது, பெஞ்ச் நிரம்பியிருக்கும். ஆனால் முதல் முறையில் அது இல்லாவிட்டால் டெக்கே எழுந்து நிற்காது. நடுப் பரிணாமத்தைத் தாண்ட வைக்கும் ரேர் கேண்டி இதற்கு நேர் எதிர்: உங்கள் முதல் முறையில் பயன்படுத்தவே முடியாது, அப்போதுதான் இறக்கிய சார்மாண்டர் (சாரிஸார்டின் முதல் நிலை) மேலும் செல்லாது. ஆக, ஆரம்பத்துக்கான கார்டை ஆரம்பத்தில் வந்ததா என்று வைத்து மதிப்பிடுங்கள், கடைசியில் தேங்கியதை வைத்து மதிப்பிடாதீர்கள். குறிப்பில் "தேங்கியது" என்று மட்டும் எழுதாமல் எத்தனையாவது முறையில் வந்தது என்றும் எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

மூன்றாவது வகைதான் நாம் தேடும் ஆள். ஏதாவது நிபந்தனை நிறைவேறினால்தான் வேலை செய்யும் கார்டு, அந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. குறிப்பிட்ட ஒரு டெக்குக்கு எதிராக மட்டும் பயன்படும், ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும், இப்படி. இவைதான் முதலில் போக வேண்டும், கார்டு எவ்வளவு அழகாக மின்னினாலும்.

தேங்கிய கார்டுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு: அல்ட்ரா பால் ஆட கையிலிருந்து இரண்டு கார்டைக் கழிக்க வேண்டும், அதற்கு அது உதவும். இதைச் சொல்லி உதவாத கார்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் நிறைய. கழிப்பதற்கென்றே யாரும் கார்டு வைக்க வேண்டாம், அது தானாக அமையும்.

அப்படி வெளிப்படையான குற்றவாளி யாரும் இல்லை, எல்லாமே நல்ல கார்டு என்றால்? அப்போது பிரதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் 7 கார்டில் குறைந்தது ஒன்றாவது வர வாய்ப்பு, டெக்கில் 4 பிரதி இருந்தால் சுமார் 40 சதவீதம். 3 என்றால் 31.5. 2 என்றால் 22. ஒன்றே ஒன்று என்றால் 12-க்குக் கொஞ்சம் கீழே. நான்கை மூன்றாக்கினால் எட்டு, ஒன்பது சதவீதம் போகிறது. ஒன்றை எடுத்துவிட்டாலோ அந்தக் கார்டே டெக்கில் இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றைக் கார்டுகளைத்தான் முதலில் உருவுவார்கள், நான்கு நான்காக இருப்பவற்றைத் தொட பயம். முதல் முறையிலேயே வந்தாக வேண்டிய கார்டாக இல்லாவிட்டால் நான்காவது பிரதியைத் தொடலாம், ஒன்றும் ஆகாது.

அதேபோல, தேடி எடுக்க முடிகிற ஒற்றைக் கார்டும் தேட முடியாத ஒற்றைக் கார்டும் ஒன்றல்ல. போக்கிமான் என்றால் அல்ட்ரா பால் கொண்டுவந்துவிடும், அதனால் ஒரு பிரதியே பல பிரதி போல நடந்துகொள்ளும். பிட்ஜியாட் ஈஎக்ஸ் களத்தில் இருந்தால் முறைக்கு ஒருமுறை டெக்கிலிருந்து எந்தக் கார்டையும் எடுக்கலாம், அப்போது எல்லா ஒற்றைக் கார்டும் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் பிட்ஜியாட் எழுந்த பிறகுதான் அது. அதற்கு முன்னால் தேவைப்படும் எதையும் ஒற்றையாகக் குறைக்காதீர்கள். ஒற்றைக் கார்டு பிரைஸில் மாட்டும் வாய்ப்பு 60-ல் 6, அதாவது பத்தில் ஒரு ஆட்டத்தில் அது கண்ணிலேயே படாமல் போகலாம். அது இல்லாமல் தோற்றுவிடுவோம் என்கிற கார்டு என்றால் இரண்டு வையுங்கள்.

இந்த டெக்கில் எல்லாரும் கைவைக்கும் கார்டு ஒன்று உண்டு: சார்மிலியன். ரேர் கேண்டி இருக்கும்போது சார்மாண்டரிலிருந்து நேராக சாரிஸார்டுக்குத் தாவலாமே, நடுவில் இது எதற்கு என்று தோன்றும். 2025 ஜனவரியில் பிரிஸ்மேட்டிக் எவல்யூஷன்ஸ் தொகுப்பில் பட்யூ என்று ஒரு பொடிப் போக்கிமான் வந்தது. 30 ஹெச்பி, எனர்ஜியே வேண்டாம், அடித்தால் 10 சேதம்தான், ஆனால் அடுத்த முறையில் நீங்கள் கையிலிருந்து ஐட்டம் (இன்னொரு வகை டிரெய்னர்) கார்டே ஆட முடியாது. ரேர் கேண்டி ஐட்டம். அல்ட்ரா பால் ஐட்டம். மேசையில் சார்மாண்டர் உட்கார்ந்திருக்கும், கையில் சாரிஸார்ட் இருக்கும், நடுவில் பாலம் இல்லை. அந்த ஒற்றை சார்மிலியன் அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு கார்டு சும்மா இருப்பதாகத் தெரிந்தால், அதை எடுத்தால் எந்தச் சங்கிலி அறுகிறது என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

படி 4: எதைச் சேர்ப்பது

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் "ஏங்கியது" பட்டியலைப் பாருங்கள். பாதி நேரம் பதில் ஏற்கெனவே டெக்கில் இருக்கும் கார்டின் இன்னொரு பிரதியாகத்தான் இருக்கும், புதுக் கார்டாக இருக்காது.

முடிந்தவரை ஒரே குவியலுக்குள் மாற்றுங்கள்: இழுக்கும் கார்டுக்கு இழுக்கும் கார்டு, தேடும் கார்டுக்குத் தேடும் கார்டு. குவியல் மாறினால் படி 1-ல் எழுதிய எண்ணிக்கையில் எது குறைகிறது என்று பாருங்கள். குறிப்பாக பேசிக் போக்கிமான், அதாவது பரிணாமம் இல்லாமல் நேராக இறக்கக்கூடியவை. முதல் 7 கார்டில் பேசிக் ஒன்றும் இல்லை என்றால் திரும்பக் கலைத்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக இழுக்கலாம். டெக்கில் பேசிக் 12 இருந்தால் இப்படி ஆக 19 சதவீத வாய்ப்பு. 10 என்றால் 26. 8 என்றால் கிட்டத்தட்ட 35. "ரெண்டு பேசிக்தானே குறையுது" என்று சொல்வதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள்.

ஒரே ஒரு டெக்கைச் சமாளிக்க ஒரு கார்டு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். மேஜிக், யூ-கி-ஓ என்ற வேறு கார்டு ஆட்டங்களில் 15 கார்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றலாம், அங்கே அது சரி. போக்கிமானில் அந்த வசதி இல்லை. போட்டிக்குக் கொடுத்த 60 தான் கடைசிவரை. அந்த டெக்கை அடிக்கடி சந்திக்கிறீர்கள் என்று உங்கள் நோட்டே சொன்னால் சேருங்கள், ஒரே ஒரு மோசமான தோல்வி எரிச்சலைக் கிளப்பியது என்பதற்காக வேண்டாம்.

படி 5: இரண்டு பெயர் எழுதிச் சோதியுங்கள்

ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ மாற்றினால் போதும். ஆறேழு மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக் கார்டை வாங்குவதற்கு முன், வெளியே போகப் போகும் கார்டின் உறைக்குள்ளேயே ஒரு காகிதத் துண்டைச் செருகி, அதில் இரண்டு பெயரையும் எழுதுங்கள், பழையதும் புதியதும். நண்பரிடம் சொல்லிவிட்டு ஆடுங்கள் (போட்டியில் இது நடக்காது). ஒவ்வொரு முறை அது கைக்கு வரும்போதும் "இப்போது இந்த இரண்டில் எது இருந்தால் நல்லது?" என்று உங்களையே கேட்டு, ஒரு கோடு போடுங்கள். ஆடுவது புதியதாகவே ஆடுங்கள். கொஞ்ச நாளில் எந்தப் பெயர் பக்கம் கோடு அதிகம் என்று தெரிந்துவிடும். வெற்றிக் கணக்கை விட இது வேகமாகப் பதில் சொல்லும், ஏனென்றால் ஒரு ஆட்டத்தின் முடிவை மற்ற 59 கார்டும் எதிராளியும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், இந்தக் கேள்வியோ இந்த ஒரு கார்டைப் பற்றி மட்டும்தான். இரண்டு பக்கமும் கோடு சமமாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள், காசாவது மிச்சம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"பிரைம் கேச்சர் ஒன்று, அன்ஃபேர் ஸ்டாம்ப் ஒன்று சேர்த்தேன், செயலி டெக்கை ஏற்க மறுக்கிறது." இரண்டும் ஏஸ் ஸ்பெக். பெயர் வேறாக இருந்தாலும் டெக்குக்கு மொத்தமே ஒரு ஏஸ் ஸ்பெக்தான். இந்த இரண்டில் எது என்றால் பிரைம் கேச்சர் என்பேன், அன்ஃபேர் ஸ்டாம்ப் ஆட எதிராளியின் முந்தைய முறையில் உங்கள் போக்கிமான் ஒன்று வீழ்ந்திருக்க வேண்டும். முன்னால் இருக்கும்போது அது சும்மா கிடக்கும்.

"ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச்சில் வேறு வேறு ப்ரொஃபசர் படம் இருக்கிறதே, ஒவ்வொன்றிலும் நான்கு வைக்கலாமா?" கூடாது. எல்லாம் ஒரே பெயர்தான், மொத்தம் நான்கு. ஆனால் பிக்காச்சுவும் பிக்காச்சு ஈஎக்ஸும் வேறு பெயர், தனித்தனியாக எண்ணலாம்.

உறை பற்றி ஒருவர் எழுதியதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். டெக் உறைகள் ஆடி ஆடித் தேய்ந்திருக்கும், மாற்றிய இரண்டு கார்டு மட்டும் புத்தம் புது உறையில் பளபளக்கும், பின்பக்கத்திலிருந்தே அடையாளம் தெரியும். போட்டியில் நடுவர் அதை அடையாளமிட்ட கார்டாக எடுத்துக்கொள்ளலாம். வெளியே போகும் கார்டின் உறையையே உள்ளே வருவதற்குப் போடுங்கள், ஓரம் கிழிந்திருந்தால் 60-க்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள். என் தேர்வு மேட் பின்பக்கம் உள்ளவை, வழவழ உறை கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.