சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் போதாது: வீட்டுச் சிக்கனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்கனமாக வாழ்வது என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் கண்டிப்புக்கு ஆளாவது விளக்குகள்தான். அறையை விட்டு வந்தால் அணைக்க வேண்டும், சார்ஜரைப் பிடுங்கி வைக்க வேண்டும், டிவியின் சிவப்புப் புள்ளிகூட எரியக் கூடாது. இவற்றில் தவறில்லை. ஆனால் இத்தனை கண்டிப்புக்குப் பிறகும் மீட்டர் கணக்கு குறையவில்லையே என்று பலர் சோர்ந்துபோய் முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அக்கறையும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம்தான் தவறு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.35 யூனிட் மின்சாரம் தேவை. கம்பிச்சுருளால் சூடாக்கும் எந்த ஹீட்டராலும் இதைக் குறைக்க முடியாது. தண்ணீரின் இயல்பு அது. அதே 0.35 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 39 மணி நேரம் எரியும். போன் மாட்டாமல் சும்மா கிடக்கும் இன்றைய சார்ஜர் 0.1 வாட் அளவில்தான் இழுக்கிறது. அது அந்த 0.35 யூனிட்டைச் செலவழிக்க நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். வீட்டில் மின்சாரத்தை விழுங்குபவை சூடாக்கும் கருவிகளும் குளிர்விக்கும் கருவிகளும்தான். கவனத்தில் முக்கால் பங்காவது அவற்றுக்குப் போக வேண்டும்.

வாட்டர் ஹீட்டரை நாள் முழுவதும் போட்டுவைப்பது பரவலான தவறு. "ஆறவிட்டு மறுபடி சூடாக்கினால்தான் அதிகம் செலவாகும்" என்று காரணமும் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. தொட்டியில் நீர் சூடாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வெப்பம் வெளியே கசிந்துகொண்டேயிருக்கிறது, ஹீட்டர் அதை ஈடுகட்டிக்கொண்டேயிருக்கிறது. தேவைக்குச் சற்று முன் போட்டு, பிறகு அணைப்பதுதான் மிச்சம். ஆனால் சிக்கனம் என்று தொட்டியின் வெப்பநிலையை 40 டிகிரி அளவிலேயே நிரந்தரமாக வைத்துவிடவும் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அது நுரையீரலைத் தாக்கும். சேமிப்புத் தொட்டியில் நீரை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பயன்படுத்தும்போது குளிர்ந்த நீரைக் கலந்துகொள்வதே பாதுகாப்பு.

ஏ.சி.யை 16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். இன்வர்ட்டர் இல்லாத சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான் உண்டு. 16-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும் அறை 25 டிகிரிக்கு வர ஆகும் நேரம் ஒன்றே. வித்தியாசம் அதன் பிறகுதான்: 25-இல் வைத்திருந்தால் கம்ப்ரசர் நிற்கும், 16-இல் வைத்திருந்தால் எட்டவே முடியாத குளிரைத் தேடி ஓடிக்கொண்டேயிருக்கும். மின்விசிறியைச் சேர்த்துப் போட்டால் இன்னும் ஓரிரு டிகிரி கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடுவதால் மட்டும் பயன் எதுவும் இல்லை. அது காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான்.

புது ஃப்ரிட்ஜ் வந்த பிறகு பழையதை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று மூலையில் ஓடவிடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கருவி அது. ஸ்டாண்ட்பை, அதாவது பயன்படுத்தாதபோதும் கருவி மின்சாரம் இழுக்கும் நிலை, பற்றியும் ஒரு வரி: சார்ஜரை விட்டுவிட்டு, எந்நேரமும் கதகதப்பாக இருக்கும் பெட்டிகளைத் தேடுங்கள். 10 வாட் இழுக்கும் பழைய செட்-டாப் பாக்ஸ் ஒன்று அணையாமலே கிடந்தால் ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல் போய்விடும். பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கப்படும் பெட்டிகளையோ வாங்கவே வேண்டாம். அவற்றுக்குள் பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர்தான் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டை அது குறைப்பதில்லை.

இனி தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்காதே என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் அதைச் சொல்லும் வீட்டிலேயே கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி இரவும் பகலும் ஓசையில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கலாம். சொட்டும் குழாய் கண்ணில் படும், காதிலும் விழும். இந்த ஒழுக்கு பீங்கானின் உட்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்குவதால் யாரும் கவனிப்பதில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளியது. தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே உள்ள நீரில் உணவுக்குப் பயன்படுத்தும் வண்ணத்தைச் சில சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். பிறகு கீழே கழிப்பறைப் பீங்கானுக்குள் பாருங்கள். வண்ணம் இறங்கியிருந்தால், தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள். தொட்டியின் மேல்மூடி திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள்: நீர்மட்டம், நடுவில் நிற்கும் வழிகுழாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் நீர் அதன் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. மிதவையைச் சற்றுத் தாழ்த்தி, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் நிற்கும்படி செய்தால் போதும்.

தொட்டிக்குள் செங்கல் வைக்கும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். வேண்டாம். செங்கல் நீரில் ஊறிக் கரையும். அந்தத் துகள்கள் ரப்பர் மூடியின் அடியில் சிக்கினால் புதிதாக ஒழுக்கு தொடங்கும். நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலை வைக்கலாம். அதுவும் ஒரே தடவையில் சுத்தமாகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான். இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய நேர்ந்தால் மிச்சம் ஏது?

சொட்டும் குழாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. அடியில் பாத்திரம் வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் சேர்ந்திருந்தால் நாளுக்கு 24 லிட்டர், ஆண்டுக்கு 8,760 லிட்டர். இதை நிறுத்தப் பெரும்பாலும் தேய்ந்த வாஷர் ஒன்றை மாற்றினாலே போதும். வீடு முழுவதும் ஒழுக்கு இருக்கிறதா என்று அறிய, இரவு படுக்கும்முன் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும்முன் மறுபடி பாருங்கள். மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில், மோட்டார் ஓடாத இரவில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இன்னொரு மறைவான செலவு. ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டரை அது வெளியே தள்ளுவது சாதாரணம். உங்கள் நீரில் கரைந்த உப்பு குறைவு என்றால் அந்த இயந்திரமே தேவைப்படாமல் இருக்கலாம். முதலில் நீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கழிவு நீரைப் பிடித்துவைப்பவர்கள் அதைச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றிவருகிறார்கள். உப்பு செறிந்த நீர் அது, நாளடைவில் மண் கெடும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். துணி துவைத்த நீரை நாள்கணக்கில் சேமித்து வைப்பதும் கூடாது. அன்றே பயன்படுத்தாவிட்டால் அழுகி நாற்றமெடுக்கும்.

எளிய வாழ்வு என்ற பெயரில் நடக்கும் பெரிய தவறு, அதற்காகவே புதுப் பொருள் வாங்குவது. நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எறிந்துவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வாங்குவது, அலமாரியைக் காலி செய்துவிட்டு "இயற்கைத் துணி"யால் நிரப்புவது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. மாதக்கணக்கில் குளியலறையில் மிச்சப்படுத்தியது நான்கைந்து சட்டைகளில் போய்விடும். துணிப்பையும் அப்படித்தான். 2011-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பை ஒன்றை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது பருவநிலைக்கு நல்லது. இருக்கும் பை கிழியும்வரை இன்னொன்று வேண்டாம்.

சிக்கனமான கருவி வந்ததும் கை தளர்ந்துவிடுவதும் உண்டு. நீராவி இயந்திரங்கள் திறன் கூடக் கூட நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் பெருகியதை 1865-லேயே ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். எல்.இ.டி.தானே என்று சுவரெங்கும் விளக்கு பதிக்கும்போது நாமும் அதையே செய்கிறோம்.

கடைசியாக, வீட்டில் உள்ளவர்கள். கடும் வெயில் காலத்தில் முதியவர் அறையில் குளிர்ச்சியைக் குறைப்பதும், நோயாளிக்கு வெந்நீரை மறுப்பதும் சிக்கனம் அல்ல. உடல் வெப்பம் கட்டுமீறினால் உயிருக்கே ஆபத்து. அவர்களிடம் எதையும் குறைக்கும் முன், ஒழுகும் தொட்டியையும் மூலையில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜையும் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் யாருடைய வசதியிலும் கை வைக்காமலே குறைப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது.