ஊதாரி, செலவாளி, மைனர்: மொழிபெயர்ப்பில் சறுக்கும் இடங்கள்

மொழிபெயர்க்கப் புதிதாக வருபவர்களின் பக்கங்களைத் திருத்துவது என் வேலையில் பாதி. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள். காசைக் கரைப்பவர்களைக் குறிக்கும் சொற்களில் மட்டும் ஏன் எல்லோரும் அதே பள்ளத்தில் விழுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். சில பள்ளங்கள் எனக்கும் பழக்கமானவைதான்.

ஸ்பெண்ட்த்ரிஃப்ட் சிக்கனக்காரர் இல்லை

ஆங்கிலத்தில் ஸ்பெண்ட்த்ரிஃப்ட் என்றால் காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிற ஆள். இதைச் 'சிக்கனக்காரர்' என்று எழுதாமல் பயிற்சியை முடித்தவர்கள் குறைவு. காரணமும் தெரிந்ததுதான். ஊழியர்கள் கடன் வாங்குகிற கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் பலகையில் த்ரிஃப்ட் என்ற சொல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். த்ரிஃப்ட் என்றதும் சிக்கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் நிற்கிற ஸ்பெண்ட் கண்ணில் படுவதே இல்லை.

பிக்பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் கை விடுகிறவன் பிக்பாக்கெட். அதே அமைப்புதான் இதுவும். த்ரிஃப்ட் என்ற சொல்லுக்கு முற்காலத்தில் செழிப்பு, சேர்த்து வைத்த பொருள் என்றும் அர்த்தம் உண்டு. அந்தச் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் தீர்ப்பவன் ஸ்பெண்ட்த்ரிஃப்ட்.

ஒரு தடவை அமெரிக்காவிலிருந்து ஒரு குடும்பத்தின் ஆவணம் வந்தது. இறந்துபோன அப்பா, மகனின் பங்கை 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட் டிரஸ்ட்' ஒன்றில் வைத்திருந்தார். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி 'சிக்கன அறக்கட்டளை' என்று போட்டுவிட்டு, நிம்மதியாக அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அவசர வேலை, யாரும் மறுபடி பார்க்கவில்லை. நோட்டரி முத்திரை விழுந்து பிரதி போய்ச் சேர்ந்தும்விட்டது.

அந்த டிரஸ்ட் உண்மையில் ஒரு பூட்டு. மகன் கையில் காசு நிற்காது என்று தெரிந்த தகப்பன் போடுகிற பூட்டு. பணம் டிரஸ்டியின் பொறுப்பில் இருக்கும். அவர் கொடுத்தால்தான் மகனுக்கு. அதுவரை மகன் தன் பங்கை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை போன்ற சில விலக்குகள் தவிர, கடன் கொடுத்தவர்களும் அதில் கை வைக்க முடியாது. தமிழ்ப் பிரதியைப் படித்த சித்தப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பையன் சிக்கனமானவன் என்று அப்பாவே எழுதி வைத்திருக்கிறாரே என்று நம்பி, அவன் கேட்ட தொகையைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டார். பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். இன்றைக்கும் 'சிக்கன' என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அந்த ஒரே தொடரில் இரண்டாவது தவறும் உண்டு. மகனுக்காக அப்பா வைத்த பணத்தில் அறம் எங்கே வந்தது? குடும்ப டிரஸ்டை அறக்கட்டளை ஆக்காதீர்கள்; டிரஸ்ட் என்றே விடுங்கள். 'ஊதாரி வாரிசுக்கான காப்பு டிரஸ்ட்' என்று எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிட்டால் போதும். நம்மூரில் இதற்குப் பழகிய பெயர் இல்லாததில் வியப்பில்லை. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, சொத்தைக் கொடுத்துவிட்டு 'யாருக்கும் கைமாற்றவே கூடாது' என்று முழுத் தடை போட்டால், பெரும்பாலும் அது செல்லாது.

உதாரம், ஊதாரி, உதார்

உதார குணம் வள்ளலுடையது. ஊதாரி காசை அழிப்பவர். உதார் விடுகிறவரிடம் காசே இல்லாமலும் இருக்கலாம். ஒரு நினைவு மலரின் மெய்ப்பில் 'ஊதாரி குணம் கொண்ட எங்கள் ஐயா' என்று வந்து, அச்சுக்குப் போகும் முன் பிடித்தோம். வீட்டில் ஒருவர் மட்டும் "அது சரியாத்தானே இருக்கு" என்றாராம்.

மைனர்

பத்திரத்தில் மைனர் என்றால் 18 வயது நிரம்பாதவர். ஊர்ப்பேச்சில் மைனர் என்றால், கழுத்தில் மைனர் செயின் தெரிய சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு அப்பன் சொத்தைக் கரைக்கிற ஆசாமி. வயது நாற்பதாகவும் இருக்கும். 'மைனர் தன் நிலத்தை விற்றார்' என்ற வரி கதையில் வந்தால் சிரிப்பு, பத்திரத்தில் வந்தால் வழக்கு.

ஊதாரி மைந்தன் திரும்பினார்

பைபிளில், லூக்கா நற்செய்தியின் 15-ம் அதிகாரத்தில், அப்பாவிடம் வாங்கிய சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனைக் கத்தோலிக்கர் 'ஊதாரி மைந்தன்' என்பார்கள். புராட்டஸ்டன்ட் வழக்கில் 'கெட்ட குமாரன்'. ஆங்கிலத்தில் 'ப்ராடிகல் சன்'. அவன் வீடு திரும்பியதால், ஆங்கிலச் செய்திகளில் கட்சிக்குத் திரும்பி வருகிறவரெல்லாம் 'ப்ராடிகல்' ஆகிவிட்டார்கள். அதை அப்படியே ஊதாரி என்று தமிழில் இறக்கினால், அவர் கட்சிப் பணத்தைத் தின்றுவிட்டார் என்று வாசகர் நினைப்பார். 'தாய்க் கட்சிக்குத் திரும்பினார்' என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கடனாளி

ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கியவர் ஊதாரி இல்லை.

செலவாளியெல்லாம் ஊதாரியா?

கோடீஸ்வரர் விலை உயர்ந்த கார் வாங்கினால் அவர் ஆடம்பரக்காரர். டாம்பீகம் என்றுகூடச் சொல்லுங்கள். ஊதாரி என்று சொல்ல, செலவு கையிருப்பை மீற வேண்டும், அல்லது கண்மூடித்தனமாக இருக்க வேண்டும். 'ஆன முதலில் அதிகம் செலவானால்' என்று நல்வழி, கணக்கைக் கையில் உள்ள முதலை வைத்துத்தான் தொடங்குகிறது. 480-வது குறள் இன்னும் கறார்: இருப்பின் அளவைப் பார்க்காமல் செய்தால், ஒப்புரவேகூட, அதாவது பிறருக்கு உதவுவதுகூட, ஒருவரின் வளத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்கிறது. நல்ல மனசுக்காரரும் நொடித்துப் போகலாம், அவரை ஊதாரி என்று எழுதத் தேவையில்லை.

அப்புறம், ஊதாரி என்பது வசவு. வங்கி அறிக்கையிலோ கணக்கெடுப்பு வினாத்தாளிலோ அது வரக் கூடாது. 'வரவுக்கு மீறிச் செலவழிப்பவர்' நீளம்தான், ஆனாலும் அதையே போடுங்கள்.

கை நீளம்

அது திருட்டுக்கு. செலவாளிக்குப் போடாதீர்கள்.