கார் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறதா?

புது பேட்டரி மாற்றிய பிறகும் காலையில் கார் கிளம்ப மறுத்தால், இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கும் முன் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரவெல்லாம் நிறுத்தியிருந்த காரில், முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 14 வோல்ட்டை ஒட்டி உயரும். உயராவிட்டால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பரிசோதிக்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால், நிறுத்திய காரில் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் நான் முதலில் சந்தேகிப்பது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் விடியும்வரை பதிவு செய்துகொண்டிருக்கும் டேஷ்கேமராவைத்தான். சாவியை எடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, காரின் கணினிகள் உறங்குவதற்காக அரை மணி நேரமாவது பொறுத்திருந்தால், கார் இழுக்கும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் (0.05 ஆம்பியர்) அடங்கும். அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த இணைப்பில்தான் கோளாறு. மீட்டர் இணைந்திருக்கும்போது எஞ்சினை மட்டும் கிளப்பாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.